கூட்டுக் கம்ப்யூட்டரின் சாவி யார் கையில்?

"கூலியைப் பற்றி எழுதுங்கள், ரேஷனைப் பற்றி எழுதுங்கள், பட்டாவைப் பற்றி எழுதுங்கள். கம்ப்யூட்டர் விவகாரம் நமக்கெதற்குத் தோழரே? அது படித்தவன் சமாச்சாரமல்லவா?"

கோவில்பதாகையில் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு தோழர் என்னை இப்படி மடக்கினார். அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் சி.என்.சி. யந்திரம் ஓட்டுகிறவர் அவர். நான் திருப்பிக் கேட்டேன்: "உங்கள் யந்திரத்தில் புரோகிராம் மக்கர் செய்தால் யார் சரி பண்ணுகிறார்கள்?"

"நாங்கள் தொடக்கூடாது. யந்திரம் விற்ற கம்பெனி ஆள் வரவேண்டும். பாஸ்வேர்டு அவனிடம்தான் இருக்கிறது. அவன் வருகிறவரை யந்திரம் நிற்கும். யந்திரம் நின்றால்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. யந்திரம் நின்றால் யாருடைய ஓவர்டைம் போகிறது என்பது அந்த பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். திருநின்றவூருக்கு அப்பால் ஒரு கிராமம்; நூறு நாள் வேலைக்குப் போனவர். "எங்களுக்கும் அதே கதைதான் தம்பி. காலையிலே ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. செல்லுல ஏறலைன்னா மண்ணு வெட்டினதும் இல்லை, கூலியும் இல்லை" என்றார். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தலங்களில் செல்போன் வழி வருகைப் பதிவை மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியதைத்தான் அவர் சொன்னார். அவருடைய படம் எங்கே போகிறது? யாருடைய யந்திரம் அதை வாங்கி வைக்கிறது? "ஏறவில்லை" என்று தீர்ப்புச் சொல்லும் அந்தக் கணக்கை எழுதியவன் யார்? அவர் கேட்கக்கூடாதாம், கேட்டாலும் காட்ட மாட்டார்களாம்!

அதுதான் விவகாரம், தோழர்களே! நம் கூலியை எழுதுகிற பேரேடு நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அந்தப் பேரேட்டின் பூட்டும் சாவியும் எவனிடம் என்பது படித்தவன் சமாச்சாரமல்ல.

ஒரு கம்ப்யூட்டரால் ஆகாத கணக்குகள் உண்டு. வங்கக் கடலில் புயல் கிளம்புகிறது. அது எங்கே கரையேறும், எத்தனை மழை கொட்டும் என்று கணக்கிட வேண்டும். ஒரே யந்திரத்தில் போட்டால் புயல் வந்து போனபிறகுதான் விடை வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே பல கம்ப்யூட்டர்களைக் கம்பியால் பிணைத்து ஒரே யந்திரம்போல் வேலை வாங்குகிறார்கள். இதற்குக் கூட்டுக் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்துக் கொள்வோம்.

கம்பியால் பிணைத்தால் மட்டும் போதுமா? போதாது. இருபது பேரை வயலில் இறக்கிவிட்டால் அது நடவாகிவிடுமா? நம் பெண்கள் நடவு நடும்போது பாருங்கள். ஒருத்தி பின்தங்கினால், தன் பங்கை முடித்தவள் அவள் பங்கில் இறங்கிக் கை கொடுக்கிறாள். வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு இருபது பேர் தெரிவதில்லை; ஒரே கை வயல் முழுவதும் நட்டுக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. இந்த ஒற்றுமையைக் கம்ப்யூட்டர்களுக்குள் உண்டாக்குவதுதான் நான் சொல்ல வந்த மென்பொருளின் வேலை. ஒரு யந்திரத்தில் பளு ஏறிப்போனால், அங்கே பாதி நடந்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே, நினைவில் வைத்திருக்கும் கணக்கோடு சேர்த்துத் தூக்கி, சும்மா இருக்கும் இன்னொரு யந்திரத்தில் இறக்கிவிடும். வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். வேலை கொடுத்தவருக்கு இடம் மாறியதே தெரியாது.

இன்னொரு முறையும் உண்டு. மேஸ்திரி முன்கூட்டியே பங்கு பிரித்து, இன்னாருக்கு இத்தனை வரி என்று சொல்லிவிடுவதைப் போன்றது அது. யந்திரங்கள் தத்தம் பங்கைச் செய்து, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் சரிபார்த்துக் கொள்ளும். உலகத்தில் அதிகம் நடப்பது இந்த இரண்டாவது முறைதான். 1994ல் அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்ற இருவர், கடையில் விற்கும் சாதாரணக் கம்ப்யூட்டரின் பாகங்களைக் கொண்டு 16 யந்திரங்களை இப்படிப் பிணைத்துக் காட்டினார்கள். அதுவரை கோடிக்கணக்கில் கொட்டினால்தான் பெரிய கம்ப்யூட்டர் என்றிருந்த நிலைமை ஆட்டங்கண்டது. அவர்கள் அதில் ஓட்டியது லினக்ஸ். 1991ல் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்த பொதுச் சொத்து அது.

இங்கே "மூலநிரல்" என்ற ஒரு வார்த்தையை விளக்கிவிட வேண்டும். மென்பொருளை மனிதன் எழுதுவது ஒரு பாஷையில். யந்திரம் படிப்பது வேறு பாஷையில். மனிதன் எழுதியதுதான் மூலநிரல். முதலாளி உங்களுக்கு விற்பது யந்திரம் படிப்பதை மட்டும். மருந்தைக் கொடுப்பான், சீட்டைக் கொடுக்க மாட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, திருத்த முடியாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் திருடன்! 1976லேயே பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தன் மென்பொருளைப் பகிர்ந்துகொண்டவர்களைத் திருடர் பட்டியலில் சேர்த்தார்.

இதற்கு எதிராக 1980களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் கிளம்பினார். அவர் நமது இயக்கத்தவரல்ல. ஆனால் ஒரு காரியம் செய்தார். 1989ல் ஒரு பொது உரிமப் பத்திரம் எழுதினார். இந்தப் பத்திரத்தோடு வரும் மென்பொருளை யாரும் ஓட்டலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். பொது ஏரியில் தண்ணீர் பாய்ச்சிக்கொள், ஆனால் மதகைப் பூட்டி வீட்டுக்குச் சாவி கொண்டுபோகாதே என்ற ஏற்பாடு. குடிமராமத்து தெரிந்த நம்மவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மதகைப் பூட்ட முயன்றவர்கள் கதை ஒன்று சொல்கிறேன்.

ஜெருசலேமில் ஹீப்ரு சர்வகலாசாலையில் அம்னான் பராக் என்ற பேராசிரியர் 1977ல் ஆரம்பித்த ஆராய்ச்சியில் பிறந்தது மோசிக்ஸ் என்ற மென்பொருள். நான் முதலில் சொன்ன நடவுக்காரர் ஒற்றுமை, பளு ஏறிய யந்திரத்திலிருந்து வேலையைத் தூக்கிக் கொடுக்கும் வித்தை, அதில்தான் கைகூடியது. பிற்பாடு அதை லினக்ஸுக்கு ஏற்றவாறு அமைத்து, பொது உரிமப் பத்திரத்தோடு வெளியிட்டார்கள். பல தேசத்தவர் பயன்படுத்தினார்கள், குறை கண்டு சொன்னார்கள். 2001 கடைசியில் என்ன நடந்தது? இனி வரும் பதிப்புகள் பொதுவல்ல என்று அறிவிப்பு வந்தது! ஊரார் சேர்ந்து கரை உயர்த்திய ஏரிக்கு ஒரு நாள் காலையில் வேலி.

ஆனால் பத்திரம் இருந்ததே! ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. அந்த வேலையில் கூட இருந்த மோஷே பார் என்பவர், கடைசியாகப் பொதுவில் இருந்த பதிப்பை எடுத்துக்கொண்டு 2002ல் ஓப்பன்மோசிக்ஸ் என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தார். வெவ்வேறு தேசங்களிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு சி.டி.யைப் போட்டால் பழைய கம்ப்யூட்டர்கள் தாமே ஒன்றையொன்று கண்டுபிடித்துக் கூட்டாக வேலை செய்யும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மோஷே பார் துறவியல்ல. அவரும் கம்பெனிகள் தொடங்கிப் பணம் பார்த்தவர்தான். ஆனால் வேலியை உடைத்தது அவருடைய நல்ல குணமல்ல, அந்தப் பத்திரம்.

ஓப்பன்மோசிக்ஸ் 2008 மார்ச் 1ல் நிறுத்தப்பட்டது. ஒரே சில்லுக்குள் பல செயலிகள் வைத்து மலிவாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள், இனி இந்த வித்தைக்கு முன்போல் தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. பிரான்சில் சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் வளர்த்த கெரிகெட், காம்பாக் கம்பெனி வெளியிட்ட ஓப்பன் எஸ்.எஸ்.ஐ. ஆகியவையும் பின்னால் ஓய்ந்துபோயின. ஆனால் கவனியுங்கள்: ஓய்ந்தாலும் மூலநிரல் வெளியில் இருக்கிறது. இன்று வேண்டுமானாலும் ஒரு மாணவன் எடுத்துப் படிக்கலாம். முதலாளி ஒரு சரக்கை நிறுத்தினால் அதன் சூத்திரமும் அவனோடு பெட்டிக்குள் போய்விடும்.

"அது வெளிநாட்டுக் கதை" என்பீர்களா? நம் தேசத்துக்கு வருவோம்.

1980களின் நடுவில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அமெரிக்காவின் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று கேட்டோம். கையேந்திக் கேட்கவில்லை, காசு கொடுத்துக் கேட்டோம். அமெரிக்க ஏகாதிபத்தியம் என்ன சொல்லிற்று? "நீங்கள் ராக்கெட் கணக்குப் போடுவீர்கள், அணுகுண்டுக் கணக்குப் போடுவீர்கள்" என்று மறுத்தது. கெஞ்சிக் கூத்தாடியபிறகு, அதைவிடச் சிறிய யந்திரம் ஒன்றைக் கொடுத்தது. அதுவும் டில்லியில், வானிலைக்கு மட்டும், கண்காணிப்போடு! சொந்தப் பணத்தில் வாங்கிய யந்திரத்தில் எந்தக் கணக்கைப் போடலாம் என்று வாஷிங்டன் தீர்மானிக்கும். இதைவிட அவமானம் உண்டா?

நமது விஞ்ஞானிகள் தலை குனிந்து உட்கார்ந்துவிடவில்லை. 1986லேயே பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகத்தில் நான்கு செயலிகளைப் பிணைத்து புளோசால்வர் என்ற யந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். 1988ல் புனேயில் சி-டாக் என்ற சர்க்கார் ஸ்தாபனம் பிறந்தது. 1991ல் பரம் 8000 வெளிவந்தது. வினாடிக்கு 100 கோடிக் கணக்கு! விஜய் பட்கர் தலைமையில் செய்து முடித்தார்கள். அதே வருஷம் மாஸ்கோவிலும் அதில் ஒன்று நிறுவப்பட்டது. எல்லாம் சிறு சிறு செயலிகளின் கூட்டு. ஒரு பூதம் கிடைக்காது என்றார்கள். நூறு ஆட்களை வரிசையில் நிறுத்தினார்கள் நம்மவர்கள்.

நம் சென்னையிலேயே ஒன்று நடந்தது. பத்திரிகைகள் சினிமாச் செய்திக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962ல் தொடங்கியது, அணுசக்தித் துறைப் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில் நடக்கிறது. அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றிய கணக்குக்காக அங்கே 2004ல் கப்ரூ என்று ஒரு கூட்டுக் கம்ப்யூட்டர் கட்டினார்கள். கப்ரூ என்பது இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர். 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு செயலி, ஆக 288. ஓட்டியது லினக்ஸ். வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிக் கணக்கு! அந்த வருஷம் ஜூனில் உலகின் முதல் 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலில் தரமணி இடம் பெற்றது. எல்லாமே நம்முடையது என்று தம்பட்டம் அடிக்கவில்லை. செயலி அமெரிக்க இன்டெல் கம்பெனியுடையது. ஆனால் 144ஐயும் ஆள்கிற மென்பொருளுக்கு எந்தப் பில் கேட்ஸிடமும் உரிமச் சீட்டு வாங்கவில்லை. எந்தக் கணக்கு போடலாம் என்று எவனிடமும் கேட்கவில்லை.

"பொதுச் சொத்தாக இருந்தால் எவன் உழைப்பான்? லாபம் இல்லாவிட்டால் தரம் ஏது?" என்று முதலாளித்துவப் பண்டிதர்கள் எத்தனை காலம் ஓதினார்கள்! 2001ல் மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றே வர்ணித்தார். இன்று நிலைமை என்ன? 2017 நவம்பர்ப் பட்டியலில் உலகின் முதல் 500 கம்ப்யூட்டர்களும், ஒன்று விடாமல் 500ம், லினக்ஸில்தான் ஓடின. அதற்கு முந்தின வருஷமே மைக்ரோசாப்ட் லினக்ஸ் பவுண்டேஷனில் சந்தா கட்டி அங்கத்தினராகிவிட்டது! புற்றுநோய் என்று சொன்ன வாய் இப்போது பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நமது இளைஞர்கள் சிலர், "பார்த்தீர்களா, கம்ப்யூட்டர் உலகில் சோஷலிசம் வந்துவிட்டது" என்று துள்ளுகிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

எங்கே வந்துவிட்டது? பொது உரிமப் பத்திரத்தில் ஒரு சந்து உண்டு. மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால்தான் மூலநிரலைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல், தன் கொட்டகைக்குள்ளேயே ஓட்டி, அதன் சேவையை மட்டும் வாடகைக்கு விட்டால்? காட்ட வேண்டியதில்லை. கூகுளும் அமேசானும் வளர்ந்த வழி இதுதான். ஊரார் செதுக்கிய ஏர். நிலமும் விளைச்சலும் அவனுடையது. ஆயிரக்கணக்கான யந்திரங்களை ஒரே யந்திரம்போல் மேய்க்கும் குபர்னெடிஸ் என்ற மென்பொருளைக் கூகுளே 2014ல் பொதுவில் விட்டது. தர்மமா? தன் கொட்டகைக்குள் பல வருஷம் ஓட்டிய வித்தையின் ஒரு மாதிரியை வெளியில் விட்டு, உலகத்தையே தன் வழக்கத்துக்குப் பழக்கிக்கொள்ளும் வியாபாரம்.

அந்தக் கொட்டகைகளைப் பார்க்க அமெரிக்கா போகவேண்டாம். அம்பத்தூருக்கு பஸ் ஏறுங்கள். ஜப்பானின் என்.டி.டி. உள்ளிட்ட கம்பெனிகள் அங்கே டேட்டா சென்டர்கள் கட்டியிருக்கின்றன. ஜன்னல் குறைந்த பெருங்கட்டடங்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கூட்டுக் கம்ப்யூட்டர்கள், இரவும் பகலும் குளிரூட்டிகள். ஒரு காலத்தில் ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்த பேட்டை அது. இப்படிப்பட்ட கட்டடம் ஒன்றுக்குள் எத்தனை பேருக்கு வேலை, அதில் எத்தனை பேர் கம்பெனிச் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று கோவில்பதாகையிலிருந்து செக்யூரிட்டி ஷிப்டுக்குப் போகும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பொதுவில் இருப்பதைக் கூடப் பின்வாசல் வழியாக வேலிக்குள் இழுக்கும் வேலை நிற்கவில்லை. சென்ட் ஓ.எஸ். என்று இனாமாகக் கிடைத்த ஒரு லினக்ஸ். உலகெங்கும் எத்தனையோ ஆராய்ச்சி நிலையங்களின் கூட்டுக் கம்ப்யூட்டர்கள் அதை நம்பி ஓடின. அதை நடத்திய ரெட்ஹாட் கம்பெனியை ஐ.பி.எம். 2019ல் 3400 கோடி டாலர் கொடுத்து விழுங்கிற்று. அடுத்த வருஷமே, 2020 டிசம்பரில், சென்ட் ஓ.எஸ். பழைய உருவில் தொடராது என்று அறிவிப்பு! 2029 வரை கவலையில்லை என்று நம்பி எட்டாம் பதிப்பைப் போட்டவர்களுக்கு 2021 டிசம்பரோடு ஆதரவு நின்றது. 2023ல் மூலநிரலைச் சந்தாதாரருக்கு மட்டுமே தருவோம் என்றார்கள். ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று பலர் சேர்ந்து மாற்று எழுப்பினார்கள். மறுபடியும் மோசிக்ஸ் கதை! பத்திரம் இருந்ததால் மாற்று எழுந்தது. பணம் இருந்தவன் வேலி போட முயன்றதும் நிற்கவில்லை.

2025 ஜூலையில் நடந்ததை இந்திய சர்க்கார் மறந்துவிட்டதா? குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி ஒன்றும் ஏழைக் கம்பெனியல்ல. அதில் ருஷ்யப் பங்கு இருக்கிறது. ஐரோப்பா தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. காசு கட்டி வாங்கிய சேவை, தன் சொந்தக் கடிதம், தன் சொந்தக் கணக்கு, எதையும் தொட முடியவில்லை! டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனபிறகுதான் இணைப்பு திரும்பியது. தங்கள் காகிதத்தை அன்னியனின் கொட்டகையில் வைத்த பெரிய முதலாளிக்கே இந்த கதி. நூறு நாள் வேலைக்காரரின் போட்டோவுக்கும், ரேஷன் கடைக் கைரேகைக்கும் எந்தக் கோர்ட்டு வாசலில் யார் நிற்பார்கள்?

தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டம் என்று 2015ல் 4500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் பல யந்திரங்கள் எழும்பியிருக்கின்றன. 2024 செப்டம்பரில் பரம் ருத்ரா என்று மூன்றைப் பிரதமர் அர்ப்பணித்தார். எழும்பியதை நாம் எதிர்க்கவில்லை. யந்திரத்தை எதிர்ப்பது நம் வேலையல்ல. நாம் கேட்பது வேறு. பொதுப் பணத்தில் எழுதும் மென்பொருள் ஒவ்வொன்றும் மூலநிரலோடு பொது உரிமப் பத்திரத்தில் வெளிவர வேண்டும். நூறு நாள் வேலைச் செயலியும் அதில் அடக்கம். டெண்டரில் இந்த ஒரு வரியை எழுத எத்தனை ரூபாய் செலவாகும்? இதைச் செய்ய முடியாது என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும்; அங்கே சர்க்கார்ப் பள்ளிகளில் ஏறக்குறைய இருபது வருஷமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் குழந்தைகள் படிக்கிறார்கள். ஏழைக் குழந்தைகள் கெட்டுப்போய்விட்டார்களா?

இங்கே மட்டும் என்ன குறைவு? 2011 செப்டம்பரில் இதே திருவள்ளூர் ஜில்லாவில், காக்களூரில்தான் இலவச லாப்டாப் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த லாப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில், சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் போடவில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கம் திறந்து பார்க்காமலே யந்திரம் பழசாகிப் பரண் ஏறிற்று.

தேநீர்க் கடைத் தோழர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் மூத்த பெண்ணுக்குக் கொடுத்த லாப்டாப் ஒன்று வீட்டில் கிடப்பதாகச் சொன்னார். "அந்த மாதிரி நாலைச் சேர்த்தால் நீங்கள் சொல்கிற கூட்டு ஆகுமா?" என்றார். ஆகும். கப்ரூ ஆகாது, ஆனால் ஒரு கணக்கை நாலாகப் பிரித்துப் போட்டு விடை சேர்ப்பதை நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய தம்பி மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்கு வந்து செய்து காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். இதுவரை மூன்று லாப்டாப் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு சார்ஜர் இல்லை. வீட்டில் வைத்திருக்கும் தோழர்கள் எடுத்து வரவும்.